அப்பாவின் புல்லட்... ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பின் டயர்!

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையில் அப்பாவின் புல்லட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை போய்விட்டுத் திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. வல்லம் வடகால் சிப்காட்டுக்குள் திரும்புகிற வளைவில், நான் ஹேண்டில்பாரைச் சாய்த்த நொடியில், வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக எங்கோ போனது. விழவில்லை. கால் ஊன்றி நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த கம்பெனி பஸ் டிரைவர் சரியான நேரத்தில் பிரேக் போட்டார். அவர் ஜன்னல் வழியாகத் திட்டியதையும் சேர்த்து இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் பார்த்தால், பின் டயரின் இடது பக்கம் வழுவழுவென்று இருக்கிறது. வலது பக்கம் பட்டன் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஒரே டயரில் ஒரு பாதி கிழம், ஒரு பாதி இளசு.

"அது அப்படித்தாம்மா. வண்டி லேசா ஒரு பக்கம் இழுக்கும். இடுப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வெச்சு ஓட்டினா சரியாப் போயிடும்" என்றார் அப்பா. வண்டிக்காக இடுப்பை மாற்றிக்கொண்டு எத்தனை மாதமாக ஓட்டுகிறார் என்று கேட்டேன். பதில் இல்லை.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992 மாடல் ஸ்டாண்டர்டு 350. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஸ்கூட்டியில் பழகிய எனக்கு அது மண்டையில் ஏறவே இரண்டு மாதம் பிடித்தது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ராயல் என்ஃபீல்டின் வல்லம் வடகால் ஆலை. 2017-ல் உற்பத்தி தொடங்கினார்கள். அதற்கு முன்பு 2013-ல் ஒரகடம், அதற்கும் முன்பு திருவொற்றியூர். அப்பாவின் வண்டி திருவொற்றியூர் காலத்தது. லாரியில் புது பைக்குகள் வரிசையாகக் கட்டப்பட்டுப் போவதை அப்பா நின்று பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதற்கு மேல் பாராட்ட மாட்டார்.

முதலில் மெயின் ரோட்டில் 'கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட்' என்று பெரிதாக போர்டு வைத்த கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, அது காருக்கு." காரில் சக்கரம் உள்பக்கம் சாய்கிறதா, வெளிப்பக்கம் விரிகிறதா என்று பார்த்துத் திருத்துவதற்கான மெஷின் அது. பைக்குக்கு அங்கே வேலை இல்லையாம்.

அடுத்து பஞ்சர் கடை. "ரோடு சாய்வுதான் காரணம்" என்றார் கடைக்காரர், டயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மழைத் தண்ணீர் ஓடுவதற்காக ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆனால், யோசித்துப் பாருங்கள். ரோடு இடது பக்கம் சரிகிறது, வண்டி நேராக நிற்கிறது என்றால், டயரின் எந்தப் பக்கம் அதிகமாக ரோட்டில் படும்? மேடான பக்கம், அதாவது வலது பக்கம். வலது பக்கத் திருப்பங்களும் நமக்கு நீளமானவை. ஆக, நம் ஊரில் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால் அது இயல்பு. எங்கள் டயர் தேய்ந்திருந்தது இடது பக்கம். ரோட்டின் மேல் பழியைப் போட முடியாது!

காற்று? காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்வதற்குக் காற்று காரணமில்லை. இதெல்லாம் அன்று ராத்திரி தூங்காமல் படித்தது. டிஜிட்டல் டெஸ்க் வேலையில் வந்த ஒரே நல்ல பழக்கம், தேடினால் விடமாட்டேன்.

மறுநாள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிற வழியில் இருக்கும் அந்தத் தகர ஷெட்டுக்குப் போனேன். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசமாட்டார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும், அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கும். ஆட்டம் இல்லை. ஒரு சாக்பீஸை ரிம் ஓரமாக அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் கோணியிருந்தால் ஒரு இடத்தில் மட்டும் கோடு விழும். சுற்றிலும் ஒரே மாதிரிதான் விழுந்தது. பிறகு பின் ஸ்ப்ராக்கெட்டைக் காட்டினார். பற்களின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. "செயின் கோணலா ஓடியிருக்கு பாப்பா."

அப்புறம்தான் நூலை எடுத்தார். கொத்தனார் வைத்திருப்பாரே, அதே நூல்தான். பின் டயரைச் சுற்றி இரண்டு பக்கமும் முன்னால் இழுத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில், முன் டயர் வரை பிடித்தார். அப்பாவின் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே அளவு டயர், 3.25-19. அதனால் கணக்கு சுலபம். பின் டயரின் இரண்டு ஓரத்தையும் தொடுகிற நூல், முன் டயரின் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும். பின் டயர் அகலமான இந்தக் காலத்து வண்டிகளில் முன்பக்கம் இடைவெளி இருக்கும். அது இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வண்டியில் ஒரு பக்கம் நூல் டயரில் இடித்து வளைந்தது. மறுபக்கம் அந்தரத்தில் நின்றது.

"ஒரு நூல் தள்ளியிருக்கு" என்றார். நூலைப் பிடித்துக்கொண்டே நூல் கணக்கு சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டறைக் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். அப்பா சிரிக்கவில்லை. அவர் முப்பது வருஷம் உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போட்டவர். அவர் வண்டியில் ஒரு நூல் தப்பு!

பழைய புல்லட்டில் செயினை இறுக்க, பின் அச்சின் இரண்டு முனையிலும் நத்தை ஓடு மாதிரி வளைந்த ஒரு தகடு இருக்கும். அதன் விளிம்பில் வரிசையாக வெட்டுகள். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு தகட்டையும் ஒரே எண்ணிக்கையில் திருப்பி வைக்க வேண்டும். வலது பக்கம் ஐந்தாவது வெட்டு என்றால் இடது பக்கமும் ஐந்து. ஒன்று தவறினால் சக்கரம் கோணிக்கொள்ளும். அது பெரிய தப்பாகத் தெரியாது. ஆனால், அச்சில் 20 செ.மீ. தூரத்துக்கு 2 மி.மீ. கோணல் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 1.37 மீட்டர் தள்ளியிருக்கும் முன் சக்கரத்துக்குப் போகும்போது அது ஒரு செ.மீ.க்கும் மேல் ஆகிவிடும். அந்த வித்தியாசத்தைத்தான் அப்பா இடுப்பால் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் அண்ணன் எண்ணினார். வலது பக்கம் ஐந்து. இடது பக்கம் ஆறு.

"யாரு கை வெச்சது?"

"நான்தான். ரெண்டும் அஞ்சுதான் வெச்சேன்" என்றார் அப்பா.

"நீங்களே பாருங்கண்ணே."

அப்பா இடது பக்கம் குனிந்தார். பார்க்கவில்லை. விரலால் தடவி எண்ணினார். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். "வீட்ல இந்தப் பக்கம் சுவர் ஓரம். வெளிச்சம் வராது. தடவித்தான் வைப்பேன்" என்றார். நாங்கள் நின்றிருந்தது சுவர் ஓரமில்லை. பகல் பதினொரு மணி வெயில்.

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பது. வாட்ஸ்அப் மெசேஜை 'நீயே படிச்சுச் சொல்லும்மா' என்று நீட்டுவது. எதிரே வருகிற லைட் எல்லாம் பூ மாதிரி விரியுது என்று ஒருமுறை சொன்னது. ரிட்டயர் ஆன பிறகு அப்பா ஒரு கிடங்கில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிப்ட். சிங்கபெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ராத்திரி பத்து மணிக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, வழுக்கை டயரோடு, கோணல் சக்கரத்தோடு, மங்கின கண்ணோடு போய் வந்திருக்கிறார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு ஆறு மாதம் முன்பு 'கண்புரை: இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள்' என்று ஒரு வெப் ஸ்டோரி போட்டதே நான்தான். விரியும் வெளிச்சம் அதில் இரண்டாவது கார்டு.

ஷெட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மெக்கானிக் அண்ணன் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். 1219. 2019-ம் ஆண்டின் 12-வது வாரத்தில் செய்த டயர். "தேயலைன்னாலும் மாத்தியிருக்கணும். ரப்பர் கல்லாயிடுச்சு." ஈரத்தில் வழுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். புது டயர், டியூப், செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட். தகடுகள் இரண்டையும் ஐந்தில் வைத்து மறுபடி நூல் பிடித்தார். மூன்று இடம் தொட்டது, நான்காவது இடத்தில் மயிரிழை இடைவெளி. "பழைய ஃபிரேம். இது போதும். வெட்டை மட்டும் நம்பாதீங்க, நூல் பிடிச்சுப் பாத்துக்குங்க" என்றார். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் ராடையும் மறக்காமல் சரிசெய்தார். வீட்டில் செயின் இறுக்குகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ஹேண்டில்பார் நேராக நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா, 2024-ல் திறந்த பெண் தொழிலாளர் விடுதி தாண்டுகிற வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அந்தப் பழைய கட்டடத்தின் வராந்தாவில் இரண்டு நாள் காத்திருந்தோம். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றியிருக்கிறது என்றார்கள். பொங்கல் முடிந்து வலது கண்ணில் ஆபரேஷன். டாக்டர் சொல்லும்வரை வண்டி தொடக் கூடாது. நைட் ஷிப்ட்டை அம்மா ஒரேடியாக நிறுத்திவிட்டார். அதற்கு வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதினால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

போன வாரம் ஊருக்குப் போனபோது புது செயின் தளர்ந்திருந்தது. புது செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளுமாம். அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வண்டியைச் சுவர் ஓரத்திலிருந்து முற்றத்துக்குத் தள்ளி வந்து, நட்டைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பினேன்.

"வலது?"

"ஆறு."

"இடது?"

"ஆறுப்பா."

"சத்தமா எண்ணு."

எண்ணினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து அவரும் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, "அந்த நூல்கண்டை எடுத்துட்டு வாடீ" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.