சித்தப்பாவை எந்தக் கட்டத்துல போடறது?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது பாதிக் காரணம். மீதி, ஞாயித்துக்கிழமை எல்லாம் ஒரு நிதி விண்ணப்பத்துக்குள்ள மாட்டிக்கிட்டு முழிச்சதுதான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

திருநெல்வேலிக்குப் பக்கத்துல ஒரு சின்ன குடிபோதை மறுவாழ்வு மையம். நடத்துறவரை எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. இருபது வருஷம் குடிச்சவர், நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. மருந்து, ஆலோசனை, படுக்கை, டாக்டர் எல்லாம் முறையா வச்சிருக்கார். கணக்கு மட்டும் வராது. எனக்கு அது ஒண்ணுதான் வரும். "தம்பி, நீ வந்து இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாரேன்"னார். போய்ட்டேன்.

ஏன் போனேன்னு சொல்ல இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க சித்தப்பா பாளையங்கோட்டையில வெல்டிங் பட்டறை வச்சிருந்தார். கைவேலை சுத்தம், ஆனா சாயங்காலம் ஆனா ஆள் இருக்க மாட்டார். அண்ணாச்சி மையத்துல மூணு தடவை சேர்த்தோம். முதல் தடவை வெளிய வந்து நாப்பது நாள் தாங்கினார். ரெண்டாவது தடவை நாலு மாசம். அதுக்கப்புறம் நாங்க விட்டுட்டோம். உண்மையைச் சொன்னா, சித்தியைத் தவிர எல்லாரும் விட்டுட்டோம்.

விடாத இன்னொரு ஆள் மையத்துல வேலை பார்த்த ஒரு அக்கா. மாசா மாசம் முதல் திங்கக்கிழமை போன் பண்ணுவாங்க. "அண்ணன் எப்படி இருக்காரு?" அவ்வளவுதான் கேள்வி. சித்தப்பா போனை வாங்கவே மாட்டார், சித்திதான் பேசும். ஒரு வருஷத்துக்கு மேல இப்படியே ஓடுச்சு. ஒருநாள் சித்தி அடுப்படியில இருந்ததால சித்தப்பா எடுத்துட்டார். மறுநாள் காலையில பையைத் தூக்கிட்டு அவராவே போய் மூணாவது தடவை சேர்ந்தார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் தொடல.

சரி, இப்ப விண்ணப்பத்துக்கு வருவோம்.

இந்த மாதிரி மையத்துக்குக் காசு வர்ற பெரிய வாசல் மூணுன்னு வச்சுக்கலாம்.

முதல் வாசல் மத்திய அரசு. சமூக நீதி அமைச்சகம் 1985-86லேர்ந்தே தொண்டு நிறுவனங்கள் நடத்தற மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் கொடுத்துட்டு வருது. 2018ல இதுக்குன்னு ஒரு தேசிய செயல் திட்டமே போட்டாங்க. நிதி ஆயோக்கோட தர்பண் தளத்துல பதிஞ்சு நம்பர் வாங்கணும், அப்புறம் இ-அனுதான் தளத்துல விண்ணப்பிக்கணும். பணம் வந்தாலும் மொத்தமா வராது, தவணையாத்தான் வரும். முன்னாடி கொடுத்ததைச் செலவழிச்சதுக்கு ஆடிட்டர் கையெழுத்தோட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாத்தான் அடுத்தது நகரும். இதுக்கு நடுவுல அரிசிக்கடைக்காரருக்குத் தவணை, சான்றிதழ் எல்லாம் சொல்லிப் பாருங்க, தெரியும்.

ரெண்டாவது வாசல் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேணும். அதுக்கு மூணு வருஷமாவது இயங்கியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சமாவது முக்கியப் பணிக்குச் செலவழிச்சிருக்கணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில கணக்கு கட்டாயம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்னாடி இது 50. பெரிய தொண்டு நிறுவனம் வாங்கி சின்னதுக்குப் பிரிச்சுக் கொடுக்கற வழியையும் அப்பவே மூடிட்டாங்க. அண்ணாச்சி மாதிரி ஆளுங்களுக்கு அந்த வழிதான் இருந்துச்சு.

மூணாவது, கம்பெனிகளோட சி.எஸ்.ஆர். பணம். 2013 கம்பெனிச் சட்டப்படி நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகள் (சொத்து மதிப்பு, விற்றுமுதல்னு வேற ரெண்டு அளவுகோலும் உண்டு) மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். வாங்கற அமைப்புக்கு 12ஏ, 80ஜி வேணும். 2021 ஏப்ரல்லேர்ந்து சி.எஸ்.ஆர்-1 படிவமும் பதிஞ்சிருக்கணும். இதெல்லாம் முடிக்கவே எங்களுக்கு ஏழெட்டு ஞாயிறு ஓடிப்போச்சு.

அடுத்துதான் சிக்கல். ஒரு கம்பெனியோட படிவத்துல ஒரு கட்டம்: "வெற்றி விகிதம் எத்தனை சதவீதம்?" பக்கத்துலயே "குணமானவர்கள் / குணமாகாதவர்கள்"னு ரெண்டு பத்தி.

ரெஜிஸ்டரைப் புரட்டினேன். சேர்ந்து ஒரு வருஷத்துக்கு அப்புறம் குடிக்காம இருக்கறவங்க பாதி கூடத் தேறல. சிலர் மறுபடி குடிச்சு மறுபடி வந்தவங்க. சிலரைப் பத்தித் தகவலே இல்ல. "அண்ணாச்சி, எல்லாரும் எண்பது சதவீதம்னுதான் போடறாங்களாம். நாமளும் போட்டா என்ன? யாரு வந்து எண்ணப் போறா?"ன்னு கேட்டேன். ஆமா மக்களே, நான்தான் கேட்டேன். வெக்கமாத்தான் இருக்கு.

அண்ணாச்சி கோவப்படல. "ஏ தம்பி, எண்பதுன்னு போட்டுருவோம். ஒங்க சித்தப்பாவை எந்தக் கட்டத்துல போடுத?"ன்னார்.

கை அப்படியே நின்னுருச்சு. முதல் ரெண்டு தடவையும் அவர் "குணமாகாதவர்". மூணாவது தடவை "குணமானவர்". ரெண்டு தோல்வி, ஒரு வெற்றின்னு அவர் ஒருத்தரே மூணு வரி. ஆனா அந்த ரெண்டு தோல்வி இல்லாம மூணாவது வந்திருக்குமா? நடுவுல அந்த போன் இல்லாம?

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அமெரிக்காவோட தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவங்கள்ல 40லேர்ந்து 60 சதவீதம் பேர் மறுபடி விழறாங்க. ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமாக்காரங்களுக்கு இதே கணக்கு 50லேர்ந்து 70. மாத்திரையை நிறுத்தி பிரஷர் ஏறினா ஆஸ்பத்திரி தோத்துப்போச்சுன்னு யாரும் சொல்றதில்ல. குடிகாரன் விழுந்தா மட்டும் மையமே வேஸ்ட்டு!

இன்னொண்ணும் கவனிச்சேன். கட்டடத்துக்குக் காசு தர ஆள் இருக்கு, பெயர் பொறிக்கலாம். விழிப்புணர்வு ஊர்வலத்துக்குத் தர ஆள் இருக்கு, பேனர் கட்டி போட்டோ எடுக்கலாம். ஒரு கம்பெனி லோகோ ஒட்டின தண்ணி சுத்திகரிப்பு மிஷின் தரட்டுமான்னு கேட்டுச்சு. ஏற்கனவே ரெண்டு நிக்குது! ஆனா மாசா மாசம் போன் பண்ற அந்த அக்காவோட சம்பளத்துக்குப் படிவத்துல கட்டமே கிடையாது. "நிர்வாகச் செலவு"ன்னு ஒரு மூலையில போட்டு, அதையும் குறைக்கச் சொல்வாங்க. அக்கா போன வருஷம் ஒரு ஜவுளிக்கடை கணக்கு வேலைக்குப் போய்ட்டாங்க. அதுக்கப்புறம் வாங்கின ரெஜிஸ்டர்லதான் "தகவல் இல்லை" வரிசை நீண்டுக்கிட்டே போகுது.

2019ல வெளியான எய்ம்ஸ் ஆய்வுல, மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்குதுன்னு போட்டிருக்கு. அந்த ஒருத்தரையும் நாம ஒரு போன் பில்லுக்காகத் தொலைக்கறோம்.

கடைசியில உள்ளது உள்ளபடி எழுதினோம். ரெண்டு பத்தியை நாலாக்கினேன்: குடிக்காம இருக்கறவங்க, விழுந்து திரும்பி வந்தவங்க, குடிச்சுக்கிட்டு ஆனா தொடர்புல இருக்கறவங்க, தகவல் இல்லாதவங்க. கேட்ட காசும் கட்டடத்துக்கு இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆள் சம்பளம், ஒரு போன், பஸ் செலவு. "தொடர் சிகிச்சை"ன்னு திட்டச் செலவுலயே போட்டேன். அது சிகிச்சைதான், நிர்வாகம் இல்ல.

முதல் கம்பெனி நாசூக்கா மறுத்துட்டாங்க. அதே விண்ணப்பத்தை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பினோம். அவங்க அந்த நாலு பத்தியைப் பத்தி மட்டும் அரை மணி நேரம் போன்ல கேள்வி கேட்டுட்டு, அடுத்த புதன்கிழமை நேர்ல வந்து பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. கிடைக்குமான்னு தெரியல. கிடைச்சா அக்காவைத் திரும்பக் கூப்பிடணும்னு அண்ணாச்சி இப்பவே கனவு கண்டுக்கிட்டிருக்கார்.

சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். மாஸ்க்கைத் தூக்கிட்டு, "புதன்கிழமை நானும் வரட்டுமாடே?"ன்னு கேட்டார். வரச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: யாருக்காவது தேவைப்பட்டா, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. உங்க கம்பெனியில சி.எஸ்.ஆர். பாக்கறவங்க யாராவது தெரிஞ்சவங்கன்னா, "போன் பண்ற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க மக்களே.