அழகான தோட்டம்... அதற்குள் காணாமல்போன ஒரு கிராமம்!

இங்கிலாந்தின் பழைமையான தோட்டங்களைக் கிராமத்துப் பாதைகளில் நடந்தே பார்க்க ஆசையா? பக்கிங்ஹாம் ஊரிலிருந்து தொடங்குங்கள். லண்டனில் அரண்மனை இருக்கும் இடமல்ல. பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள சிற்றூர் இது. சுமார் 3 மைல் நடந்தால் ஸ்டோ தோட்டம் வந்துவிடும்.

முதலில் வரவேற்பது 'நியூ இன்' விடுதி. தோட்டம் பார்க்க வருபவர்களுக்காகவே 1717-ல் கட்டியிருக்கிறார்கள். அப்போதே சுற்றுலா!

உள்ளே ஏரிகள், புல்வெளிகள், கிரேக்கக் கோயில்களைப் போன்ற மண்டபங்கள். எல்லாம் இயற்கையாக அமைந்ததுபோலத் தோன்றும். ஆனால், 'கிரேக்கப் பள்ளத்தாக்கு' என்ற சரிவே ஆட்கள் மண்வெட்டியால் தோண்டி, தள்ளுவண்டியில் மண் சுமந்து உருவாக்கியது. 1741-ல் இங்கே தலைமைத் தோட்டக்காரரான 'கேப்பபிலிட்டி' பிரௌன், பின்னாளில் இங்கிலாந்து முழுக்கப் புகழ்பெற்றார்.

வேலி எங்கே என்று தேடுவீர்கள். 'ஹா-ஹா' எனப்படும் சுவர் வைத்த பள்ளம்தான் வேலி. மாளிகையிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. புல்வெளியும் வயலும் ஒன்றாகத் தெரியும். ஆடு, மாடு மட்டும் தாண்டி வராது.

வழிகாட்டியுடன் போனால், மரங்களுக்குப் பின்னால் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒருகாலத்தில் அதைச் சுற்றி ஸ்டோ கிராமம் இருந்தது. தோட்டம் விரிய விரிய, வீடுகள் போய்விட்டன. மக்கள் வேறு இடம் பெயர்ந்தார்கள். மிஞ்சியது தேவாலயம் மட்டுமே. பிரபுவின் பார்வையில் படாமலிருக்க அதையும் மரங்கள் மறைத்தன.

இன்று தோட்டத்தைப் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட். மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். நல்ல ஷூ அவசியம்!