ஏழாம் வாய்ப்பாடும் வடகடலும்

நீச்சல் தெரியும் என்பதுதான் எனக்கு முதல் இடைஞ்சல். கொங்கு நாட்டுக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கற்றது. ஓடிவந்து மேட்டில் ஒரு மிதி மிதித்துத் தலைகீழாகப் பாய்ந்தால்தான் எங்கள் ஊரில் அதற்குக் குளியல் என்று பெயர். வேலைக்காக எடின்பரோவுக்கு வந்து, நகரின் கிழக்கோரம் போர்ட்டோபெல்லோ கடற்கரையை ஒட்டி வீடு பிடித்தேன். புத்தாண்டு அன்று அங்கே ஆட்கள் கடலில் இறங்குவார்கள் என்று கேள்விப்பட்டதும், நாமும் இறங்கிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்துவிட்டேன்.

ஸ்காட்லாந்தில் இது விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம். 1980-களின் நடுவில், சவுத் குயின்ஸ்ஃபெரியில், சிவப்பு ரயில் பாலத்தின் அருகே, முந்தின இரவுக் குடியின் தலைவலிக்கு மருந்து என்று சில நண்பர்கள் வேடிக்கையாகப் பேசிக் கடலில் இறங்கியிருக்கிறார்கள். இப்போது 'லூனி டூக்' என்ற பெயரில் வேடம் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். பெரும்பாலோர் அலறிக்கொண்டு ஓடி, இடுப்பு நனைந்ததும் அதைவிட வேகமாகத் திரும்பி வருவார்கள்.

என் ஆசிரியை பக்கத்துத் தெருக்காரர். எழுபதைத் தாண்டியவர். ஆண்டு முழுவதும் கடலில் நீந்துபவர். இந்த ஊரில் 1936-இல் திறந்து 1979-இல் மூடிய ஒரு திறந்தவெளி நீச்சல் குளம் இருந்தது; இயந்திரம் வைத்து அதில் அலை எழுப்புவார்கள். பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி அங்கே உயிர்காப்பாளராக இருந்தவர். என் ஆசிரியையும் அந்தக் குளத்தில் வளர்ந்தவர்தான். ஆனால் கானரியைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார். அந்தத் தண்ணீரின் குளிரைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வெகுநாள் நாக்கு எழவில்லை.

டிசம்பர் கடைசியில் போய், "வரும் புத்தாண்டுக்கு நானும் இறங்கலாமா?" என்று கேட்டேன். "இறங்கலாம், அடுத்த புத்தாண்டுக்கு. செப்டம்பரில் வா" என்று சொல்லிவிட்டார். அப்போது கோபம் வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. இங்கே கடல் தன் உச்ச வெப்பத்தை எட்டுவது ஆகஸ்டு, செப்டம்பரில். அந்த உச்சமே 14 டிகிரி சுமார்தான். அங்கிருந்து வாரந்தோறும் இறங்கிக்கொண்டே வந்தால், கடல் குளிரக் குளிர உடம்பும் கூடவே பழகும். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதை ஆய்ந்தவர்: சில முறை, சில நிமிடங்கள் இறங்கினாலே முதல் அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது, அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் உடம்பில் தங்குகிறது என்கிறார். ஆசிரியை ஆய்வேதும் படித்தவரல்லர். செப்டம்பர் என்றால் செப்டம்பர்.

முதல் நாள் கிணற்றுப் பழக்கத்தில் மணலில் ஓடி அலைக்குள் பாய்ந்தேன். நெஞ்சில் யாரோ ஓங்கிக் குத்தியது போல மூச்சு உள்ளே இழுத்தது. அதோடு உப்புத் தண்ணீரும் போனது. இருமிக்கொண்டே நிமிர்ந்தால், இடுப்பளவு நீரில் அவர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "வெளியே போ. உடுத்திக்கொள். நாளைக்கு நடந்து வா." அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அந்த இழுப்புக்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். தோல் திடீரெனக் குளிர்ந்தால் நம்மைக் கேளாமலே ஒரு பெருமூச்சு உள்ளே போகும்; பிறகு மூச்சு படபடக்கும், இதயம் தறிகெட்டு ஓடும். ஒன்றிரண்டு நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பெருமூச்சின்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனுக்கும் ஆபத்துதான். அதனால் பாய்ச்சலுக்குத் தடை. முழங்காலில் நிற்க வேண்டும், இடுப்பில் நிற்க வேண்டும், முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். இழுக்கும் மூச்சைப் பற்றிக் கவலைப்படாதே, அது தானே வரும், விடும் மூச்சை மட்டும் நீட்டு என்பதுதான் அவருடைய மந்திரம்.

மூச்சை நீட்ட எனக்கு வரவில்லை. உதட்டைக் குவித்து ஊதினால் நடுவில் உடைந்தது. பாடு என்றார், பாட்டும் உடைந்தது. "உன் மொழியில் மனப்பாடமாக ஏதாவது சொல், யோசிக்காமல் வர வேண்டும்" என்றார். வாயில் வந்தது ஏழாம் வாய்ப்பாடு. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு... அங்கே அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் என் மூச்சு எங்கே அறுகிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கையை உயர்த்துவார். நான் நீந்தக் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அக்டோபர் முழுக்க நாலேழு இருபத்தெட்டைத் தாண்ட முடியாமல் கிடந்தேன். கரையில் நாயோடு நடப்பவர்கள் இடுப்பளவு நீரில் கணக்குச் சொல்லும் என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

மூச்சு ஒருவாறு வசப்பட்டதும் எனக்குத் தலைக்கனம் வந்தது. நவம்பரில் ஒரு ஞாயிறு, அவர் வரச் சொல்லிக் கைகாட்டிய பிறகும் கூடுதலாகக் கொஞ்ச தூரம் போனேன். உண்மையில் அப்போது குளிரவே இல்லை, சுகமாக இருந்தது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கொண்டுபோகும்; சுகமாக இருக்கிறது என்ற எண்ணமே கெட்ட அறிகுறி. கரையேறி நடக்கும்போது கட்டைவிரலைச் சுண்டுவிரலில் தொடச் சொன்னார். தொட முடியவில்லை. சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டுத் தனியே விலகி நின்றது. "இது தொடாமல் போவதற்கு முன்பே நீ கரையில் இருந்திருக்க வேண்டும்" என்றார். அன்று நான் கற்ற சோதனை இது. இன்றைக்கும் தண்ணீருக்குள்ளேயே அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கூத்து அதற்குப் பிறகுதான். முருங்கைக்காய் மாதிரி விறைத்த விரல்களை வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானோடு போராடினேன். ஜிப்பின் நுனி கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஈரக் காலில் காலுறை பாதிவரை ஏறி நின்றுவிட்டது. வெளியே வந்து பத்து நிமிடம் கழித்து நடுக்கம் இன்னும் கூடியது. கரையேறிய பின்னும் உடம்பின் உட்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது புரியாமல் வீட்டுக்கு ஓடி வெந்நீரின் கீழ் நின்றேன். தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர் தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், அதனால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டவில்லை. சமையலறையிலிருந்து சூடான தட்டெடுக்கும் கனத்த துணிக் கையுறைகள் இரண்டைக் கொடுத்து, அவற்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்கூடத்தில் உடுத்திப் பழகச் சொன்னார். பொத்தான் வைத்த சட்டைக்கும் அன்றோடு தடை. தலைவழியாக மாட்டும் தளர்ந்த கம்பளிச் சட்டை, கயிறில்லாத காலணி. முதலில் உடுத்துவது மேலே, கடைசியில் உடுத்துவது அடியில் என்று துணிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் கடலைத் திரும்பியே பார்க்க வேண்டும். மேல்சட்டை முதலில், கீழாடை பிறகு. ஃபிளாஸ்க்கின் மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைக்க வேண்டும். தேநீரை மெல்லக் குடிக்க வேண்டும், நடந்து சூடேற வேண்டும். என் மனைவி, கையுறையோடு காலுறை மாட்டும் என்னைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தாள். இந்தக் கலையில் நீச்சல் நடுவில் கொஞ்சம். பெரும்பகுதி இறங்குவதற்கு முன்னும் ஏறிய பின்னும் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை. இங்கே எட்டரைக்கு மேல்தான் விடியும். கிழக்குக் காற்று வேறு. இறங்கினேன். ஐயேழு முப்பத்தைந்து, ஆறேழு நாற்பத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பத்தேழு எழுபது சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு உடையவில்லை என்பதே உறைத்தது. அவர் கையை உயர்த்தவில்லை. "இனி நீந்து" என்றார்.

டிசம்பர் 31 இரவுக்கு இங்கே ஹோக்மனே என்று பெயர். நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் முதலில் காலடி வைப்பவர் கருமுடி ஆணாக இருந்தால் அந்த ஆண்டு நல்லது என்று ஒரு நம்பிக்கை. அவர் கையில் ஒரு நிலக்கரித் துண்டு இருக்க வேண்டும். என் தலைமுடிக்கு அன்றிரவு ஏகக் கிராக்கி. சங்கடம் என்னவென்றால், வந்தவருக்கு விஸ்கி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். மதுவோ சூட்டையும் இழக்க வைக்கும், புத்தியையும் மழுங்கடிக்கும். ஆசிரியை முற்றாகத் தடுத்திருந்தார். மறுத்தபோது ஒரு வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. யாரோடு காலையில் இறங்கப்போகிறேன் என்று சொன்னேன். அவரே கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

புத்தாண்டுக் காலையில் தண்ணீர் 7 டிகிரி. வேடம் போட்டவர்கள் ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்த சந்தடியில், நாங்கள் இருவரும் நடந்து இறங்கினோம். வாய்ப்பாடு முடிந்தது, நீந்தினோம், விரல் தொட்டது, ஏறினோம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. உதவியில்லாமல் நானே உடுத்திக்கொண்டேன். பக்கத்தில் ஓர் இளைஞன் பொத்தானோடு திண்டாடிக்கொண்டிருந்தான், நான் மாட்டிவிட்டேன்.

பாராட்டாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "கடல் ரொம்பக் குளிர்வது இப்போதல்ல, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான். நிமிடங்களைக் குறைக்க வேண்டும், உன் கையுறை போதாது" என்றார். 5 மில்லிமீட்டர் தடிமனில் நியோபிரீன் கையுறை வாங்கிவிட்டேன். அதை மாட்டிக்கொண்டு துணியடுக்கை எடுக்க வருகிறது. ஃபிளாஸ்க் மூடிதான் இன்னும் வசப்படவில்லை.