கணுக்காலளவு ரத்தம்

தாந்தேயின் நரகத்தில் வன்முறையாளர்களுக்கென்று ஏழாவது வட்டம் இருக்கிறது. அதற்குள் மூன்று வளையங்கள். முதல் வளையத்தில் கொதிக்கும் ரத்த ஆறு. கொன்றவர்களும் காயப்படுத்தியவர்களும் கொள்ளையடித்தவர்களும் அதில் நிற்கிறார்கள். குற்றத்துக்கு ஏற்ற ஆழம்: கொடுங்கோலர்களுக்குப் புருவம் வரை, கொலைகாரர்களுக்குக் கழுத்து வரை. ஆறு ஆழம் குறைந்துகொண்டே வந்து, ஒரு துறையில் பாதம் மட்டும் வேகும் அளவுக்கு ஆகிவிடுகிறது.

குற்றத்தின் வடிவிலேயே தண்டனை அமைவதற்கு 'கோன்ட்ராப்பாசோ' என்று பெயர். 28ஆம் காண்டத்தில், வெட்டுண்ட தன் தலையை விளக்குபோல் தூக்கி வரும் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்கிறான். வகுப்பில் இந்தப் பகுதி எப்போதும் எடுபடும். "அந்நியன் படம் மாதிரியே இருக்கு மேம்" என்பார்கள் பிள்ளைகள். கருட புராணம் அவர்களுக்குச் சினிமா வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

என்னை உறுத்துவது ஆறு அல்ல, அடுத்த வளையத்தில் இருக்கும் காடு. தற்கொலை செய்துகொண்டவர்கள் அங்கே முள்மரங்களாக நிற்கிறார்கள். பெண் முகமும் பறவை உடலும் கொண்ட ஹார்ப்பிகள் அவர்களின் இலைகளைத் தின்கின்றன. கிளை ஒடிந்தால் ரத்தம் வடியும். அந்தக் காயத்தின் வழியாகத்தான் மரம் பேசும். தீர்ப்பு நாளிலும் அவர்களுக்கு உடல் திரும்பக் கிடைக்காது, அவரவர் மரத்தில் அது தொங்கும்.

இந்த நரகத்தில் உள்ளே போகப்போகக் குற்றம் பெரிது. அப்படியானால் அடுத்தவரை அடித்தவரைவிடத் தன்னை அழித்துக்கொண்டவர் பெரிய பாவி. உயிர் கடவுளுடையது என்று நம்பிய 14ஆம் நூற்றாண்டுக் கவிஞரிடம் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கணக்கை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் சித்தி கல்யாணமான ஆறாம் வருடம் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏழு வருடத்துக்குள் நடந்த சாவு என்பதால் ஆர்டிஓ விசாரணை வந்தது. சித்தப்பா அடிப்பார் என்பது தெருவுக்கே தெரியும். (இன்றும் அவரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது.) விசாரணையில் தெரு வாய் திறக்கவில்லை. உடம்பிலிருந்த பழைய காயங்களைப் பற்றிச் சொன்னது போஸ்ட்மார்ட்டம் அறிக்கை மட்டும்தான். "பாவி மக, இப்படிப் பண்ணிட்டாளே" என்று பாட்டி அழுதாள். அடுத்த வருடமே சித்தப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

தாந்தேயின் வரைபடத்தில் சித்தப்பா அந்தத் துறைப்பக்கம் கணுக்காலளவு ரத்தத்தில் நிற்பார். சித்தி அவருக்கும் கீழே.

தாந்தே அந்தத் துறைக்கு வந்து சேர்வது நெஸ்ஸஸ் என்ற சென்டாரின் வழித்துணையோடு. கிரேக்கக் கதையில் ஹெராக்ளீஸின் மனைவி டெயானிராவை ஆறு கடத்திவிடுவதாகச் சொல்லி, பலவந்தப்படுத்த முயன்றவன் அவன். வெர்ஜில் அவனை அறிமுகப்படுத்துகையில் அவளால் அவன் செத்ததும், அதற்கு அவன் பழிதீர்த்ததும் வருகின்றன. அவளுக்கு அவன் என்ன செய்ய வந்தான் என்பது வரவில்லை. இங்கே அவன் வன்முறையாளர்களுக்குக் காவல்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ரான்செஸ்காவைக் கொன்ற கணவனுக்கு தாந்தே இதைவிட ஆழத்தில், ஒன்பதாம் வட்டத்தில் இடம் வைத்திருக்கிறார். உறவுகளுக்குத் துரோகம் செய்தவர்களின் இடம் அது. தம்பியைக் கொன்ற காயீனின் பெயரால் அமைந்தது. ஃப்ரான்செஸ்காவின் கணவனும் மனைவியோடு சேர்த்துத் தன் தம்பியைக் கொன்றவன். தம்பி சாகாமல் மனைவி மட்டும் செத்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஃப்ரான்செஸ்காவோ காமத்தின் வட்டத்தில் ஓயாத காற்றில் அலைகிறாள்.

காட்டில் தாந்தே ஒரு சுள்ளியை ஒடிக்கிறார். பியெர் தெல்லா வின்யா என்ற அரசவை அதிகாரி பேசுகிறார். தான் துரோகி அல்ல என்றும், பொறாமைக்காரர்கள் கெடுத்த தன் பெயரை உலகத்துக்குத் திரும்புகிறவர் மீட்க வேண்டும் என்றும் கேட்கிறார். இரக்கத்தால் தாந்தேக்கு மேற்கொண்டு கேள்வி கேட்க வாய் வரவில்லை. தண்டனையை ஏற்பாடு செய்த அதே கவிஞர்தான் இப்படித் தொண்டை அடைத்து நிற்கிறார். இந்தக் கவிதையை நான் தூக்கிப்போடாததற்கு இந்த இடம்தான் காரணம்.

போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "அந்தக் காட்டுல பொம்பளைங்க யாராவது பேசுறாங்களா மேம்?" என்று கேட்டாள்.

இல்லை. பேசுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட அரசி டிடோகூட அங்கே இல்லை. அவளையும் மேலே, ஃப்ரான்செஸ்கா இருக்கும் காற்றில்தான் வைத்திருக்கிறார்.