துண்டுத்துணியும் அரை நூல் கணக்கும்

"என்னங்க, சாப்டாச்சா, தச்சாச்சா?"

தங்கமணி போன் செய்தால் இப்போதெல்லாம் முதல் கேள்வியே இதுதான். அவரும் பையனும் மதுரையில். நான் மாற்றலில் வந்து ரெண்டு வருஷமாக தார்வாடில் தனிக்குடித்தனம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நாற்பதைத் தாண்டிய வங்கி அதிகாரி என்ன செய்வார்? டிவி பார்ப்பார், வாக்கிங் போவார், சுகர் மாத்திரை போட்டாச்சா என்று யோசிப்பார். நான் தையல் மெஷின் மிதிக்கிறேன். சிரிக்காதீங்க மக்களே :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பாவுக்குப் பெரியகுளத்தில் தையல் கடை. ஒரு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், அவ்வளவுதான். காஜா, பட்டன், ஹெம்மிங் எல்லாம் வீட்டில் அம்மா கை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கடைக்குப் போகலாம், துணி மடிக்கலாம், பில் எழுதலாம். மெஷினில் மட்டும் கால் வைக்கக் கூடாது. "படிக்கிற பயலுக்கு இங்க என்ன வேலை?" என்பார். பி.காம். முடித்து 2005-ல் வங்கியில் சேர்ந்தேன். அவர் நினைத்தது நடந்தது.

2021-ல் அப்பா போய்விட்டார். கடையைக் காலி செய்தபோது மெஷினை விற்க மனசு வரவில்லை. டேபிளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. திறந்தால் முழுக்கத் துண்டுத்துணி. சட்டைத் துணி மிச்சம், பிளவுஸ் பிட், பள்ளிக்கூட யூனிபார்ம், சுங்குடி ஓரம். அப்பா மிச்சத் துணியைச் சுருட்டித் தைத்த உடுப்போடு சேர்த்தே கொடுத்துவிடுவார். "இது எதுக்குண்ணே, நீங்களே வச்சுக்கோங்க" என்று ஆட்கள் விட்டுப்போனது மட்டும்தான் அந்தப் பெட்டியில். கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துப் பெரியகுளம் அதற்குள் இருந்தது.

இதை வைத்து அம்மாவுக்கு ஒரு போர்வை தைத்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் பெட்டிக்குள் கையை விடப் பயம். தப்பாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டுக்கு மாற்று கிடையாது. அதனால் முதலில் வேறு துணியில் பழகுவது என்று முடிவு. எங்கள் தெரு முனை டைலரிடம் கேட்டேன். ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணியைச் சும்மாவே கொடுத்தார். பேங்க் சாஹேப் எதற்குக் கேட்கிறார் என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம் :-)

வீடியோ பார்த்து ஒன்பது கட்ட டிசைனில் ஆரம்பித்தேன். மூணரை இஞ்சுச் சதுரம் ஒன்பது. ஒவ்வொரு ஓரத்திலும் கால் இஞ்சு தையலுக்குப் போகும். தைத்து முடித்தால் பெரிய கட்டம் ஒன்பதரை இஞ்சு இருக்க வேண்டும். எனக்கு ஒன்று ஒன்பதே கால், ஒன்று ஒன்பது இஞ்சு அஞ்சு நூல், இன்னொன்று ஒரு பக்கம் சரி, மறுபக்கம் கோணல். மொத்தம் பதினாலு கட்டம். ரெண்டைப் பக்கத்தில் வைத்தால் மூலை சேரவில்லை.

வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? எங்கே டேலி ஆகவில்லை என்று உட்கார்ந்து பார்த்தேன். அப்பா கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். கால் இஞ்சு என்றால் ரெண்டு நூல். நான் தைத்தது ரெண்டரை நூல். அரை நூல்தானே? ஆனால் ஒரு தையலில் ரெண்டு துணி சேர்கிறது, அதனால் ஒரு நூல் போச்சு. ஒரு கட்டத்தில் குறுக்கே ரெண்டு தையல், ரெண்டு நூல் போச்சு. அதுதான் அந்தக் கால் இஞ்சு. பைசா பைசாவாக விட்டது கடைசியில் கால் ரூபாயாக நிற்கிறது.

அதற்கப்புறம் மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்சு தள்ளி ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். துணி ஓரம் அதை உரசிக்கொண்டு போனால் கோடு நேராக வருகிறது. ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போட வேண்டும். பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தேய்த்தால் குறுக்குவாட்டத் துணி இழுபட்டுவிடும்.

ஆனால் கெட்டுப்போன பதினாலு கட்டத்தை என்ன செய்வது? "அடுப்படிக்குக்கூட ஆகாது" என்றார் தங்கமணி. ரோஷம் வந்து, அடுப்படிக்கே தைத்தேன். நடுவில் பழைய துவாலை ரெண்டு மடிப்பு வைத்து, தோசைக்கல் பிடிக்கும் துணி. இதற்குப் பருத்தி மட்டும்தான் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி முத்து கட்டும். அடுத்தது ஒரு காய்கறிப் பை. அதற்கடுத்து தலையணை உறை.

இதில்தான் ஒரு விஷயம் புரிந்தது. பழகுவதற்கென்று தைத்ததை டப்பாவில் போட்டு வைத்தால் அது ஒன்றும் சொல்லித்தராது. உபயோகித்து, துவைத்தால்தான் தப்பு தெரியும். தலையணை உறை முதல் துவைப்பிலேயே மூலையில் பிரிந்தது. பையில் சிவப்புத் துண்டின் சாயம் பக்கத்து வெள்ளைக்கு ஏறிவிட்டது. அன்றிலிருந்து எந்தத் துண்டையும் முதலில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் தொடுவதில்லை. அப்பாவின் சுங்குடி ஓரத்தில் நேராகக் கை வைத்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறமும் ஆறு கட்டம் மீதி. அதற்கு வழி சொன்னது ஒரு சித்தி அம்மா. நம்ம சித்தி இல்லைங்க :-) பல நூறு வருஷம் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், சித்தி மக்கள். தார்வாடிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரும் ஹளியால் பக்கத்துக் கிராமங்களிலும், எல்லாப்பூர் பக்கமும் இருக்கிறார்கள். மகளிர் குழுக் கடன் விஷயமாகப் போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் போர்வை தைத்துக்கொண்டிருந்தார். கவந்தி என்கிறார்கள். தார்வாட் பக்கம் இதே மாதிரிப் போர்வைக்குக் கவுதி என்று பெயர்.

அவர் அளவே எடுக்கவில்லை. கீழே பழைய புடவை. ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை விரலால் மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி நடுப்பக்கம் வருகிறார். ஒரு துண்டின் ஓரத்தை அடுத்த துண்டு மூடிவிடுகிறது. என் அரைகுறைக் கன்னடத்தில், "அவ்வா, என் கட்டமெல்லாம் சின்னதும் பெரிசுமா இருக்கு" என்றேன். "பக்கத்துல பக்கத்துல வச்சு ஏன் தைக்கிறீங்க சாஹேப்ரே, மேல மேல வைங்க" என்றார். இவ்வளவுதான் விஷயம்! கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு சின்னப் பூ தைக்கிறார்கள். ஃபூலா என்று பெயர். அது இல்லாத கவந்தி அம்மணமாம்.

மீதி ஆறு கட்டத்தையும் ஒரு பழைய வேட்டி மேல் அப்படியே ஏற்றித் தைத்தேன். கைத்தையல், பதினோரு நாள், விரலெல்லாம் குத்து. குழந்தை விரிப்பு அளவுக்கு வந்தது. எங்கள் கிளை மெசெஞ்சருக்கு அப்போதுதான் பேத்தி பிறந்திருந்தாள், அவளுக்குக் கொடுத்தேன். ரெண்டு மாதம் கழித்து, தினமும் துவைத்தும் பிரியவில்லை என்று சொன்னார். அன்று ராத்திரிதான் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன்.

நாலு மாதம் ஆனது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா மடியில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தடவினார். "இது போஸ்ட்மாஸ்டர் சட்டை. இது டீச்சரம்மா பிளவுஸ், மூணு தடவை பிரிச்சுக் கொடுத்தாரு. இந்த நீலம் உன் அஞ்சாங்கிளாஸ் டவுசர்." எனக்கு அது வெறும் நீலத்துணி என்றுதான் தெரியும்.

பிறகு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "தையல் என்னடா பல்லு பல்லா இருக்கு? உங்கப்பா பார்த்திருந்தா பிரிக்கச் சொல்லியிருப்பாரு" என்றார். நாலாவது மூலைப் பூவை நான் வேண்டுமென்றே தைக்காமல் கொண்டுபோயிருந்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். காஜா எடுத்த கை, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். அதோடு விடவில்லை. நான் தைத்திருந்த மற்ற மூணு பூவையும் பிரித்துவிட்டு, அவரே மறுபடி தைத்தார்.

"மெஷின நல்லா மிதிக்கிறியா? எண்ணெய் விடுறியா?" என்று கேட்டார். விடுகிறேன் என்றேன். அப்பா இருந்தால் திட்டியிருப்பாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அம்மா இப்போது அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாராம். ஆனால் துவைக்க யாரையும் விடுவதில்லை. சாயம் போகாதும்மா, எல்லாம் ஊறவைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்.