ஐந்து குழந்தைகள் கட்டிய ஊர்

"ஒரு குறையும் இல்லாத ஊர் ஒன்றை நீங்களே உருவாக்குங்கள். மக்கள் தொகை ஆயிரம். வரைபடம் வேண்டும், ஊருக்குப் பத்துச் சட்டங்கள் வேண்டும், அங்கே குடியிருக்கும் மூன்று பேரின் ஒரு நாள் பொழுதையும் எழுத வேண்டும். இரண்டு வாரம் அவகாசம்."

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணுக்கு சமூக அறிவியல் டீச்சர் கொடுத்த வேலை இது. கூடவே இரண்டு நிபந்தனைகள். தெர்மாகோல் கூடாது, பெற்றோர் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைக்காகவே அந்த டீச்சருக்கு ஒரு கும்பிடு போடலாம். 'பிராஜெக்ட்' என்றாலே ராத்திரி பதினொரு மணிக்குப் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருப்பது நாம்தானே!

ஐந்து பேர் ஒரு குழு. மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு, கூடம் விசாலமானது. அதனால் சனி, ஞாயிறு எல்லாம் ஜமா எங்கள் வீட்டில்தான். என் பங்கு சுண்டலும் நீர்மோரும் கொண்டுவந்து வைப்பது. அடுப்படி கூடத்தை ஒட்டியே இருப்பதால் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது, இல்லையா?

முதல் நாள் போட்ட படத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் இருக்கும் ஊருக்கு ஒரு விமான நிலையம்! மூன்று ஐஸ்கிரீம் கடை, இரண்டு நீச்சல் குளம். பள்ளிக்கூடம் உண்டு, பரீட்சை கிடையாது. நடுவில் காவேரி மாதிரி ஒரு ஆறு. ஆனால் வருஷம் பூராவும் தண்ணீர். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கு ரெண்டு பிளேன் வந்தா மொத்த ஜனமும் ஏறிப் போயிடுமேப்பா" என்றார். அடுத்த நாளே விமான நிலையம் போய்விட்டது. அந்த இடத்தில் இன்னொரு ஐஸ்கிரீம் கடை வந்தது.

டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைச் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். 'இந்த ஊரில் குப்பையை யார் அள்ளுவார்கள்?'

"ரோபோ!" என்றார்கள் ஐந்து பேரும் ஒரே குரலில். குப்பைக்கு ரோபோ, சாக்கடைக்கு ரோபோ, சமைக்க ரோபோ, பாத்திரம் தேய்க்க ரோபோ. கஷ்டமான வேலை எது வந்தாலும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் பெரிய பெரிய ஆட்களும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் தாமஸ் மோர் என்பவர் 1516-ல் 'யுடோபியா' என்று லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு 'இல்லாத இடம்' என்று பொருள். அந்தக் கற்பனைத் தீவில் 54 ஊர்கள். வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தினம் ஆறு மணி நேரம்தான் வேலை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு வீடு மாற்றிக்கொள்ள வேண்டும். (சாமான்களை மூட்டை கட்டி இறக்குவது யாரென்று அவர் யோசித்திருக்க மாட்டார்!) எல்லோருக்கும் பொதுக் கூடத்தில் சாப்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சமைப்பது வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பெண்கள். அழுக்கு வேலைகளுக்கு அடிமைகள். ஆறு மணி நேர வேலைக்கு மேல் அடுப்படி முறையும் பெண்ணுக்குத்தான் என்றால், அது என்ன குறையில்லாத ஊர்?

இதற்குப் பதில் சொல்வது போல நம் நாட்டிலேயே ஒரு பெண்மணி எழுதினார். வங்காளத்தைச் சேர்ந்த ரொகேயா சகாவத் ஹுசைன். 'சுல்தானாவின் கனவு' என்ற அவருடைய கதை 1905-ல் வெளிவந்தது நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில். அந்தக் கதையில் வரும் நாட்டை ஆள்வது பெண்கள். ஆண்கள் வீட்டுக்குள்ளே இருந்து சமைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். சமையலறை தோட்டத்து நடுவில். புகை கிடையாது, கரி கிடையாது, சூரிய வெப்பத்தில் சமையல். 120 வருஷத்துக்கு முன்னால் ஊதுகுழலும் கண்ணீருமாக அடுப்பு முன் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

கீரை ஆய்ந்துகொண்டே இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னேன். கண்ணாடி போட்ட பையன் முகம் சுருங்கிவிட்டது. "அதெப்படி ஆன்ட்டி, எங்களை மட்டும் வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சா நியாயமா?" என் பெண் விடுவாளா? "எங்களை வெச்சப்போ மட்டும் நியாயமாடா?" அரை மணி நேரம் ஒரே ரகளை. கடைசியில் ரோபோ சமையல்காரரை வேலையை விட்டு நீக்கி, ஊருக்கு ஒரு சூரியச் சமையற்கூடம் போட்டார்கள். ஆண், பெண் எல்லோர் பெயரையும் எழுதிச் சீட்டு. அது கற்பனைக்கு மிஞ்சிய சமாசாரமும் இல்லை. நம் பக்கத்து ஆரோவில்லில், கூரை மேல் பெரிய கிண்ணம் மாதிரி அமைத்து, வெயிலில் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் கூடத்தை 1990-களிலேயே கட்டிவிட்டார்கள். விளையாட்டுக்குச் சீட்டு எடுத்ததில் முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது. ரசத்தைத் தவிர வேறொன்றும் அவருக்கு வராது. ஊர் முழுக்க அன்று ரசம்தான்!

இவ்வளவு நேரமும் என் மாமியார் சாய்வு நாற்காலியில் பேசாமல் இருந்தார். வயது 78. முழங்கால் வலியால் தெருப்பக்கம் போயே பல மாதம் ஆகிறது. திடீரென்று கேட்டார்.

"ஏண்டா, இந்த ஊர்ல என்னை எங்கே வெச்சிருக்கீங்க?"

கண்ணாடிக்காரன் பெருமையாகக் காட்டினான். "இதோ பாட்டி, ஆத்துக்கு அந்தப் பக்கம். முதியோர் இல்லம். தோட்டம், டி.வி., டாக்டர் எல்லாம் இருக்கு. ரொம்ப அமைதியா இருக்கும்."

"பாலத்தைத் தாண்டியா?"

"ஆமா பாட்டி."

"அமைதியை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

குழந்தைகளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எனக்கும்தான். நல்ல வேளை, என் பெண் பென்சிலை எடுத்துக்கொண்டு பாட்டி காலடியில் போய் உட்கார்ந்தாள். "அப்ப உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க பாட்டி." அவர் கேட்டது அதிகமில்லை. படியில்லாத வாசல். கைப்பிடி வைத்த கக்கூஸ். நூறு அடிக்கு ஒரு பெஞ்சு; உட்கார்ந்து உட்கார்ந்து கோவில் வரை போய்விடலாமாம். அப்புறம் தெருவைப் பார்த்த ஒரு திண்ணை. "நாலு பேர் போறதையும் வர்றதையும் பார்த்தா போதும்."

முதியோர் இல்லத்தை ரப்பர் போட்டு அழித்தார்கள்.

பாட்டி விடவில்லை. "சரி, செத்தா எங்கே கொண்டு போவீங்க? சுடுகாட்டையே காணோமே!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழுவில் அதிகம் பேசாத பையன் ஒருவன். படம் போடுவதெல்லாம் அவன்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "எங்க ஊர்ல ரெண்டு இருக்கு பாட்டி. எங்களுக்குத் தனி."

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம்கூட அப்போதுதான் என் காதில் விழுந்தது. என் மாமியார் அந்தக் காலத்து மனுஷி. அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குத் திக்திக்கென்றது. வெகு நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணே போடு. ஒண்ணு போதும்" என்றார். அவன் ஒன்றே ஒன்று போட்டான், சுற்றிலும் வேப்ப மரங்களோடு.

இதையும் வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. பல சாதியினரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று 100 வீடுகள் கொண்ட சமத்துவபுரங்களைத் தமிழக அரசு 1997-ல் திட்டமிட்டது. முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-ல் திறக்கப்பட்டது. அங்கேயும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மயானம்தான். அதையும் என் வீட்டுக்காரர் அன்று குழந்தைகளுக்குச் சொன்னார்.

மூன்று பேரின் ஒரு நாள் பொழுதை எழுத வேண்டுமே? பாட்டி ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று. மூன்றாவதாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவைப் பிடித்தார்கள். ரோபோ விஷயத்தைக் கேட்டதும் அவர், "அப்ப எனக்குச் சம்பளத்தை அந்த மிஷினா குடுக்கும்?" என்றார். ரோபோ வேலையை விட்டே ஓடிவிட்டது!

"உங்களுக்கு அந்த ஊர்ல என்னக்கா வேணும்?" என்று என் பெண் கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கினார். பையன்கள் பின்கட்டுக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தார். காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினால் திரும்ப வீட்டுக்குப் போக மத்தியானம் இரண்டாகிவிடும். ஐந்து வீடு. "ஒதுங்க ஒரு இடம் வேணும் கண்ணு. அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுல கொல்லைப்பக்கம் போவீங்களேக்கா?"

"இங்க போவேன். மத்த நாலு வீட்டுல யாரு விடுவாங்க? அதுக்காகவே நான் தண்ணி குடிக்கிறதில்ல."

சகோதரிகளே, தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்காக அடக்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதையில் கிருமி, சிறுநீரகத்தில் கல் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். நம் வீட்டுப் பெண் ஸ்கூல் கழிவறை சரியில்லை என்று தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தால் எப்படிப் பதறுகிறோம்!

அந்த ஊரின் முதல் சட்டம் அன்று மாறியது. 'பரீட்சை கிடையாது' என்பது பத்தாவது இடத்துக்குப் போனது. 'எந்த வீட்டில் யார் வேலை செய்தாலும் அந்த வீட்டுக் கழிவறை அவருக்கும் உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள்.

வகுப்பில் அவர்களுக்கு இரண்டாம் பரிசு. கடலுக்கு அடியில் கண்ணாடி ஊர் கட்டிய குழு முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டு ஜமாவுக்கு ஏக வருத்தம். ஆனால் என் பெண் அதோடு நிற்கவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை, முதல் சட்டத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரண்டு தோழிகளோடு அக்கா வேலை செய்யும் மற்ற நாலு வீட்டுக்கும் போய்விட்டாள். "வேணாம் கண்ணு, வேலை போயிடும்" என்று முதலில் கையைப் பிடித்துத் தடுத்த அக்கா, பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, மரியாதையாக் கேளுங்க" என்று அனுப்பி வைத்தார். இரண்டு வீட்டில் உடனே சரி என்றுவிட்டார்கள்; ஒரு அம்மா கொல்லைக் கதவுச் சாவி இருக்கும் ஆணியையே காட்டினாராம். மூன்றாவது வீட்டில், "அவர் ஊர்லேர்ந்து வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

நாலாவது வீட்டு அம்மா இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாளைக்குக் கொஞ்சம் அதிரசம் எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.