மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வா

கிழக்கேகோட்டை,
ஐப்பசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஊர் திரும்பும்போது காப்பி மெஷினைச் சாமான்களோடு கப்பலில் ஏற்றலாமா என்று கேட்டு நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். போனில் பதில் சொன்னால் நான் ஒன்று சொல்லி முடிக்கும் முன் நீ மூன்று பேசுவாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மெஷினை ஏற்றாதே. மகளிடம் கொடுத்துவிட்டு வா. அது நல்ல மெஷின்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குப் பிறந்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடாதா என்று கேட்பாய். 1400 வாட் இழுக்கிற சாமானுக்கு 2000 வாட்டாவது தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது மெஷினைவிடக் கனமாக அடுக்களை மேடையில் உட்கார்ந்திருக்கும், சூடாகும், முனகும். அப்போதும் வோல்ட்டேஜ்தான் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. உன் மெஷினுக்குள்ளே இருப்பது அதிர்கிற பம்ப். கரண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை உள்ளே இருக்கும் தண்டு முன்னும் பின்னும் போகும். அங்கே நொடிக்கு 60 தடவை போனது இங்கே 50 தடவை போகும். ஓடாது என்றில்லை, சோர்ந்துபோய் ஓடும். முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்தவள் சொல்கிறேன், கேள்.

சரி, மெஷினை இங்கேயே வாங்கிவிட்டால்? வாங்கலாம், கடையில் ஏகப்பட்டது நிற்கிறது. பெட்டியைப் பார்த்து மயங்காமல் இருந்தால் போதும். பெட்டி மேல் 15 பார், 20 பார் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பான். அது பம்ப் தன் சக்தியெல்லாம் திரட்டித் தள்ளினால் வரக்கூடிய அழுத்தம். காப்பிக்கு வேண்டியது 9 பார் சுற்றுவட்டாரம். நல்ல மெஷினில் மிச்சத்தை ஒரு வால்வு திருப்பி விட்டுவிடும். 20 பார் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, சுசீந்திரம் போக விமான டிக்கெட் எடுக்கிற கணக்கு.

இந்த அழுத்தத்தை வைத்துத்தான் எல்லா மெஷினையும் தரம் பிரிக்கவேண்டும். நாகர்கோவிலில் நம் கல்யாண வீடுகளில் வாசலோரம் ஒரு பாய்லர் நிற்குமே, புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு? டம்ளரில் பாலும் சீனியும் இன்ஸ்டன்ட் பொடியும் போட்டு, ஆவிக்குழாயை உள்ளே விட்டு, நுரை பொங்கினதும் மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுப்பான். வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு, எஸ்பிரஸோ குடித்தேன் என்று ஸ்கூலில் பெருமை அடித்தவன் நீதான். அதில் காப்பிப்பொடி வழியாக அழுத்தத்தோடு தண்ணீர் போகவே இல்லை. ஆவி பாலைச் சுடவைத்தது, அவ்வளவுதான். (எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.) அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தில் ஒன்றரை பார் வரலாம். மலிவு விலையில் வெறும் ஆவியால் தள்ளுகிற சின்ன மெஷின்கள் அதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிப் போவதால் பொடி கருகின மாதிரி கசக்கும். அந்த வகையை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதே.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், பொத்தானை அழுத்தினால் கொட்டையை அரைப்பதிலிருந்து பால் ஊற்றுவது வரை தானே செய்கிற மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். இடவப்பாதி மழையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்தால், சக்கை விழும் பெட்டிக்குள் வெள்ளையாகப் பூசணம். இந்த ஊர் ஈரத்தில் ஈரச்சக்கையை மூடி வைத்தால் வேறென்ன நடக்கும்? அப்படிப்பட்டதைத் தினமும் கழற்றிக் கழுவுகிற பொறுமை உனக்குக் கிடையாது, எனக்கும் கிடையாது. கேப்சூல் மெஷினைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐந்தாறு கிராம் பொடியை அலுமினியத்தில் அடைத்து விற்கிறான். வயநாட்டுக் காப்பியை நம் மாநிலத்திலேயே வைத்துக்கொண்டு அதை ஏன் வாங்கவேண்டும்?

இனி இந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். விடிகாலை ஐந்தரைக்கு அம்மாவுக்கு முதல் காப்பி. பிறகு அத்தான், நான், பிள்ளைகள், இனி நீங்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் பால் காப்பி, எல்லாருக்கும் ஏழு மணிக்குள். நீ படம் அனுப்பின மாதிரி ஒரே பாய்லர் உள்ள மெஷினில் காப்பி இறக்க 93 டிகிரி வேண்டும்; பால் நுரைக்க ஆவி வேண்டுமென்றால் பாய்லரை 130 பக்கம் ஏற்றிக் காத்திருக்கவேண்டும்; அடுத்த காப்பிக்குத் திரும்ப இறக்கவேண்டும். எல்லாருக்கும் ஆகி முடிவதற்குள் பழவங்ஙாடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டே வந்துவிடலாம். இரண்டு பாய்லர் வைத்தது இருக்கிறது. அது காப்பிக் கடைக்காரனுக்குத் தேவை, குடித்தனக்காரனுக்கு இல்லை.

அதுவுமில்லாமல், மெஷின் நுரைக்கும் பால் 60, 65 டிகிரிதான். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பும் போய் நுரையும் உடையும். அந்தச் சூட்டில் ஒரு டம்ளரை அம்மா கையில் கொடுத்துப் பார். ‘ஆறின காப்பியைக் கொண்டுவந்து நீட்டுகிறானே’ என்பாள். அதனால் காலைக் காப்பி பில்டரிலேயே இருக்கட்டும். ராத்திரி போட்டு வைத்தால் காலையில் ஒரு வீட்டுக்கே டிகாஷன் தயார். அந்த வேலையை எந்த இத்தாலிக்காரனும் இதைவிட நன்றாகச் செய்ததில்லை. நீ தேடவேண்டியது பில்டரை ஓரங்கட்டும் மெஷினை அல்ல. சாயங்காலம் நாலு மணிக்கு நீயும் அத்தானும் குடிக்கும் ஒரு சின்னக் கறுப்புக் காப்பிக்கு எது போதுமோ அதை.

அதற்குக் கரண்டே வேண்டாம். கையால் அழுத்துகிற லிவர் மெஷின் ஒன்று வாங்கி, பெட்டியில் போட்டுக் கொண்டு வா.

சிரிக்காதே. எஸ்பிரஸோ இன்றைய உருவத்துக்கு வந்ததே கையால்தான். 1901-இல் மிலானில் பெஸ்ஸெரா என்பவர் உரிமம் வாங்கின மெஷின் ஆவி அழுத்தத்தில் ஓடினது. நம் மோக்கா அளவு அழுத்தம். அச்சில்லே கஜ்ஜியா, 1948 வாக்கில், சுருள்வில் வைத்த லிவரால் தண்ணீரை 9 பார் பக்கம் அழுத்தின பிறகுதான் காப்பியின் மேலே அந்தப் பொன்னிற நுரை வந்தது. மின்சாரப் பம்ப் வைத்த ஃபேமா இ61 வந்தது 1961-இல். உன் மெஷின் நெற்றியில் எழுதியிருக்கும் பேரே கஜ்ஜியாதானே, லிவர்க்காரரின் பேர்.

கையால் எவ்வளவு அழுத்தவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொடி போடும் கிண்ணம் 58 மில்லிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 26 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 9 பார் என்றால் மொத்தம் 240 கிலோ எடை. பயப்படாதே, நெம்புகோல் அதைப் பல மடங்கு குறைத்துவிடும். உன் வலது தோள்பட்டை வலியை நினைத்துத்தான் கஃபேலாட் ரோபோ என்பதைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கை. இரண்டையும் சேர்த்துக் கீழே அழுத்தும்போது உடம்பின் எடையே பாதி வேலையைப் பார்த்துவிடும். நம் அடுக்களை மேடை பழைய காலத்துத் தாழ்ந்த மேடை, இதற்கென்றே கட்டினது போல. அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்ததாகப் பார்த்து வாங்கு. 6 பாரில் நின்றாலும் காப்பி நன்றாகத்தான் இருக்கும். ஃப்ளேர் என்று கலிபோர்னியாக்காரர்களுடையது ஒன்று உண்டு, கழற்றினால் ஒரு பைக்குள் அடங்கும். ஆனால் அதில் காப்பி இறங்கும் பகுதியை முதலில் வெந்நீரால் சுடவைக்கவேண்டும். நீ அதையெல்லாம் செய்துகொண்டிருக்கமாட்டாய்.

லிவரில் இன்னொரு சௌகரியம். துலாவர்ஷ மழை தொடங்கிவிட்டது, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடியும் மின்னலும், உடனே எல்லாப் பிளக்கையும் பிடுங்கு என்று அத்தான் வீடு முழுக்க ஓடுகிறார். உன் நாலு மணிக் காப்பியும் அதே நேரம்தான். காஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்தால் போதும். பால் வேண்டுமென்றால் பக்கத்து அடுப்பில் காய்ச்சி, டம்ளரிலும் டபராவிலும் ஆற்றினால் தேவையான நுரை வந்துவிடும்.

மெஷினைவிட முக்கியம் கிரைண்டர். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போனாலும் வருத்தப்படாதே. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 நொடிக்குள் இறங்கவேண்டும் என்பது பொதுக்கணக்கு. பொடி துளி பெருத்தால் பத்து நொடியில் கொட்டிவிடும். துளி நைசானால் சொட்டுகூட வராது. நம் மிக்சி பாதியை மாவாகவும் பாதியைக் குருணையாகவும் அடிக்கும், அது ஆகாது. கையால் சுற்றும் கிரைண்டரிலேயே எஸ்பிரஸோவுக்குப் போதுமான நுணுக்கத்தில் அரைப்பது இருக்கிறது. கிங்கிரைண்டர் கே6 மாதிரி. அதற்கும் கரண்ட் கிடையாது, அங்கேயே வாங்கலாம்.

சாலைக் கடைவீதியில் அரைத்துத் தரும் காப்பிப்பொடி இதற்குச் சரிவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பில்டருக்கு அரைப்பது பெருவெட்டு. இரண்டாவது, சிக்கரி. டிகாஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் கொடுக்கிற அதே சிக்கரி, அழுத்தத்தில் பசையாகிக் கிண்ணத்தின் துவாரத்தை அடைக்கும். அதே மில்லில் சிக்கரிக் கலவையையும் அரைப்பதால், ‘சுத்தக் காப்பி மட்டும் நைசாக’ என்று கேட்டாலும் முன்னால் போனவரின் சிக்கரி கொஞ்சம் உனக்கு இலவசம். வறுத்த கொட்டையாகவே வாங்கு. வறுத்த தேதி பார்த்து, கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். இந்தக் கடற்கரை ஈரத்தில் திறந்த பை சீக்கிரம் சாரமற்றுப் போகிறது.

ரோபஸ்டா என்றால் நீ முகம் சுளிப்பாய், தெரியும். இந்தியாவின் காப்பியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது, அதை அதிகம் வாங்குவது இத்தாலி. அங்கே எஸ்பிரஸோக் கலவையில் நுரைக்கும் கனத்துக்கும் சேர்ப்பதில் நம் ரோபஸ்டாவும் உண்டு. 2019-இல் வயநாடு ரோபஸ்டாவுக்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். மழைக்காற்றில் ஊறவைத்து வெளுக்கவிட்ட மான்சூன் மலபாரும் அப்படித்தான்: புளிப்பு குறைவு, கனம் அதிகம். நீ அங்கே அதிக விலை கொடுத்து வாங்குகிற இத்தாலியப் பையில் நம்மூர்ச் சரக்கு எவ்வளவு இருக்குமோ! முதலில் முக்கால் பங்கு அரபிக்கா, கால் பங்கு ரோபஸ்டா என்று ஆரம்பி. அம்மாவின் டிகாஷன் குடித்து வளர்ந்த நாக்கு, ரோபஸ்டாவைத் தானே கூட்டிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். அருவிக்கரையிலிருந்து வரும் கரமனை ஆற்றுத் தண்ணீர், மலைத் தண்ணீர், உப்புப் படியாது. சென்னையில் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் மெஷினுக்குள் வெள்ளைப் படிவத்தோடு மல்லுக்கட்டவேண்டும். குழாயில் குளோரின் வாடை அடிக்கிற நாளில் மட்டும் கொதிக்கவைத்து ஆறவிட்டு எடு. முற்றத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காப்பிக்கு எடுக்காதே. செம்மண் கிணறு, கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும்.

இதெல்லாம் பிடிக்காமல், ‘அக்கா, எனக்குப் பொத்தானை அழுத்தினால் போதும்’ என்றால், வந்தபிறகு இங்கேயே ஒன்று பார்ப்போம். ஆனால் இப்போது அடுக்களையில் இருப்பது மிக்சி போடுகிற 6 ஆம்பியர் பிளக். 1400 வாட்டுக்கு ஆறு ஆம்பியர் தாண்டிவிடும். 16 ஆம்பியருக்குப் புது லைன் இழுக்க, ஆள் கிடைக்கவே மாதம் ஆகும், இப்போதே சொல்லு. தம்பானூரில் லாரி பேக்கர் கட்டின அந்தச் சுருள் கட்டடத்துக் காப்பி ஹவுஸ் நடை தூரத்தில் இருப்பதை நீ மறந்திருக்கமாட்டாய் என்றே நினைக்கிறேன். நீ அங்கே போவது காப்பிக்கா, பீட்ரூட் போட்ட கட்லெட்டுக்கா என்று அத்தான் கேட்கச் சொன்னார்.

பங்குனியில் வருவதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும்முன் கோயிலில் ஆராட்டு என்றைக்கு என்று என்னிடம் கேள். பத்மநாபசாமி விமான ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போக, அன்றைக்குச் சாயங்காலம் சில மணி நேரம் அதை மூடிவிடுவார்கள். லிவர் மெஷினோடு ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக வாங்கி வை, இங்கே கிடைப்பது சிரமம். அம்மாவுக்கு முட்டிவலிக்குப் போன தடவை கொண்டுவந்த அதே தைலம், பெரிய குப்பியில். கிரைண்டரைக் கைப்பையில் வைத்தால் செக்கிங்கில் ஆயிரம் கேள்வி கேட்பான். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வை.

இப்படிக்கு,
உன் அக்கா